எண்பத்தேழாவது மாடு

சோலைச்சாமி பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தார். அதில் பத்தொன்பது வருடம் ஸ்டோரில் கழிந்தது. எதிரி என்று ஒருவனை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இருப்பில் ஒரு கம்பளி கூடினால் ஒரு கம்பெனியே எப்படிக் கதிகலங்கும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறார். குறைந்தால் சமாளித்துவிடலாம். நனைந்தது, கிழிந்தது, எலி கடித்தது என்று எழுதலாம். கூடினால் எழுத வழியே கிடையாது.

சொந்த ஊர் தளவாய்புரம். தையல் மிஷின் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தம் தாங்காமல் பட்டாளத்துக்குப் போனவர். ஓய்வு பெற்றதும் மனைவி வெள்ளத்தாயின் பக்கம் வந்து சேர்ந்தார். வத்திராயிருப்பிலிருந்து பிளவக்கல் அணைக்குப் போகிற ரோடு முடிந்த பிறகும் இரண்டு கிலோமீட்டர் வடக்கே நடந்தால், மலை எழும்புகிற இடத்தில் ஒரு புறம்போக்கு. அங்கேதான் வெள்ளத்தாயின் மாட்டுத் தொழு இருந்தது. சுற்றிலும் முள்வேலி, வாசலுக்கு ஒரு படல், ஓரத்தில் தகரக் கூரை போட்ட குடிசை, உள்ளே எண்பத்தாறு மலைமாடுகள். எல்லாம் அவள் தகப்பன் விட்டுப்போனது. அண்ணன்மார் இரண்டு பேர் உண்டு. மாடு சொன்னபடி கேட்காது என்று மனிதர்களைக் கேட்கவைக்கப் போய்விட்டார்கள், இருவரும் போலீஸ்.

மலைமாடு பால் கறக்கிற மாடு இல்லை. தன் கன்றுக்கே யோசித்துத்தான் கொடுக்கும். அதன் வருமானமெல்லாம் பின்பக்கம். மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரஃபீக் லாரியோடு வந்து சாணத்தை அள்ளிக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கொண்டுபோவான். ரிட்டயர் ஆகி என்ன செய்கிறீர்கள் என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், “ஏற்றுமதி” என்பார் சோலைச்சாமி.

தொழுவுக்கு மேற்கே நூறு அடியில் ஒரு குத்துக்கல். அந்தக் கல்லுக்கு அந்தப்பக்கம் காடு. மாடு காட்டுக்குள் மேயக்கூடாது என்று ஆன பிறகு, மந்தை பகலெல்லாம் கண்மாய்க்கரை, அறுத்த வயல், மாந்தோப்பு என்று கிழக்கே சுற்றிவிட்டு அந்திக்குத் தொழுவுக்குத் திரும்பும். தொழு அந்த இடத்தில் இருக்க வருடத்துக்கு ஒருமுறை அனுமதி வாங்க வேண்டும். இந்த வருடம் கல்லோரத் தொழுக்களையெல்லாம் எடுக்கச் சொல்லப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. புதிதாக வந்த வனவர் விக்னேஸ்வரன் போனில் சொல்லியிருந்தார்.

“வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன். எல்லாம் சரியா இருந்தா எழுதி அனுப்புறேன். மாட்டுல ஏதாவது வில்லங்கம்னா என் கையில ஒண்ணும் இல்ல.”

அனுமதி போனால் தொழு போகும். எண்பத்தாறு மாட்டை ராத்திரி அடைக்க அங்கிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் வேறு இடம் கிடையாது. விற்கத்தான் வேண்டும். மலைமாட்டை யாரும் வளர்ப்பதற்கு வாங்குவதில்லை. இது வெள்ளத்தாய்க்கும் தெரியும், சோலைச்சாமிக்கும் தெரியும். அதனால் அதைப்பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

தொழுவில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டை எண்ணக்கூடாது. எண்ணினால் குறையும் என்பது வெள்ளத்தாயின் தகப்பன் காலத்துக்கும் முந்திய சட்டம். காலையில் படலைத் திறந்து அவள் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாள். கூப்பிட்ட மாடு மட்டும் வெளியே வரும். அந்தியில் அதேபோல ஒவ்வொன்றாக உள்ளே போகும். கூப்பிடாத மாடு, படல் திறந்தே கிடந்தாலும் நின்ற இடத்தை விட்டு அசையாது. பட்டாளத்தில்கூட இப்படி ஒரு ஒழுங்கை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் எண்ணாமல் அவருக்குத் தூக்கம் வராது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இந்தியில் எண்ணினார். இந்தியில் எண்ணினால் மாட்டுக்குத் தெரியாது, சாமிக்கும் தெரியாது.

“வாய்க்குள்ள என்ன முணுமுணுக்கீக?” என்று வெள்ளத்தாய் கேட்பாள்.

“பாட்டு.”

“தினமும் ஒரே பாட்டா?”

ஞாயிற்றுக்கிழமை அந்தியில் பாட்டு ஒரு அடி நீண்டுவிட்டது. சியாசியில் முடிய வேண்டியது சத்தாசியில் முடிந்தது. எண்பத்தேழு. இந்தியில் எண்பதுக்கு மேல் யாருக்குமே தடுமாற்றம் வரும். அதனால் வேலியைச் சுற்றி வந்து இன்னொரு தடவை எண்ணினார். மறுபடியும் எண்பத்தேழு. கம்பளி ஞாபகம் வந்தது.

கூடுதல் மாடு மயிலையின் வயிற்றுக்கடியில் நின்றது.

மயிலை சாம்பல் வெள்ளைப் பசு. மூன்று வாரத்துக்கு முன்னால் அதன் கன்று காய்ச்சல் கண்டு செத்துப்போனது. அன்றிலிருந்து மேய்ச்சலில் மந்தைக்குப் பின்னால் தனியாக வரும். இப்போது அதன் மடியில் வாய் வைத்திருந்தது செம்பழுப்பு நிறத்தில் ஒரு கன்று. முதுகில் மேடு. நெற்றியில் சாம்பல். நாலு காலிலும் முட்டிக்குக் கீழே வெள்ளை, பரேடுக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டு வந்ததுபோல. அந்தக் கூட்டத்திலேயே சரியாக உடை உடுத்தியிருந்தது அது ஒன்றுதான்.

“ஏட்டி வெள்ளத்தாயி, இது நம்ம மாடு இல்லட்டி!”

வெள்ளத்தாய் வந்து பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. காட்டுமாட்டுக் கன்று.

“கூப்பிடாமலே உள்ள வந்துருக்கு,” என்றாள். அவளுக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் சோலைச்சாமி கன்றைத் தள்ளிக்கொண்டு குத்துக்கல்லைத் தாண்டிப் போனார். பக்கத்தில் பார்த்தபோதுதான் பின்தொடையில் பல் பதிந்த காயம் தெரிந்தது. செந்நாய். அம்மாவை விட்டு இது எப்படிப் பிரிந்திருக்கும் என்பதை அவர் யோசிக்க விரும்பவில்லை. கன்றை ஒரு புதரோரம் நிறுத்தி, கண்டிப்பான குரலில், “போ. ஒன் வீட்டுக்குப் போ” என்றார். கன்று அவர் சட்டைப் பொத்தானை நக்கியது. திரும்பி வேகமாக நடந்தார். அவர் தொழுவுக்கு வந்து சேர்ந்தபோது கன்று ஏற்கனவே வந்து பால் குடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் வெள்ளத்தாய் குளிக்கப்போன சமயத்தில் அவர் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அந்தக் காயத்தில் போட்டார். இதை அவளிடம் சொல்லவில்லை. விரட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஆள் வைத்தியமும் பார்க்கிறார் என்றால் மரியாதையாக இருக்காது.

புதன்கிழமை ரஃபீக் லாரியோடு வந்தான். வந்தவன் சாணத்தைப் பார்க்கவில்லை, கன்றைப் பார்த்தான்.

“என்னண்ணே, புது மாடல் எறக்கியிருக்கீக?”

“ஏலே, சத்தமாப் பேசாத. காட்டுமாடு.”

“அது தெரியுது. காட்டுமாடு எப்படி வீட்டு மாடாச்சுன்னு கேக்கேன்.”

“நான் எங்கலே ஆக்குனேன்? அதுவா வந்துச்சு.”

“போன் போட்டு ஆபீஸ்ல சொல்லிர வேண்டியதுதான?”

“சொல்லலாம். மயில் குஞ்சு பாவம்னு நொய்யரிசி போட்டு வளத்த ஒருத்தன் கோர்ட்டுக்கு நாலு நடை நடந்தான். இது மயில விட எம்புட்டுப் பெருசு! பெருசுக்குத் தக்கன நடக்கச் சொன்னா என் காலு தாங்காது. வெள்ளிக்கிழமை அந்த வனவர் தம்பி வேற வருதாரு. காட்டுமாட்ட அடைச்சு வச்சிருக்கான்னு எழுதுனா அனுமதியும் போச்சு, தொழுவும் போச்சு.”

ரஃபீக் செத்த நேரம் யோசித்தான். அவன் யோசிக்கும்போது எதையாவது தட்டிக்கொண்டிருப்பான். இப்போது லாரியின் பக்கவாட்டுப் பலகையைத் தட்டினான்.

“மதினி கூப்பிட்டாத்தான மாடு வெளிய வரும்?”

“ஆமா,” என்றாள் வெள்ளத்தாய்.

“இதுக்குப் பேரு கிடையாது. அப்ப வராது.”

வெள்ளத்தாய் கன்றைப் பார்த்தாள். சோலைச்சாமி அவள் முகத்தைப் பார்த்தார்.

“பேரு வச்சிட்டியாட்டி?”

“துரைன்னு ஒருவாட்டி சொன்னேன். சாக்ஸ் போட்டிருக்குல்ல.”

“வெள்ளிக்கிழமை மட்டும் சொல்லாதீக மதினி,” என்றான் ரஃபீக். “மயிலையையும் கூப்பிடாதீக. மயிலை வந்தா பின்னாலயே இதுவும் வரும். ரெண்டையும் குடிசைக்குப் பின்னால விட்டுருங்க. அவரு கேட்டா மயிலை செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க. ஒண்ணு குறைஞ்சா யாரும் வைய மாட்டாக. கூடுனாத்தான் ரோதனை.”

சோலைச்சாமிக்கு அவன்மேல் பெரிய மதிப்பு வந்தது. இவன் ஸ்டோரில் இருந்திருக்க வேண்டியவன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு விக்னேஸ்வரன் பைக்கில் வந்தார். இராஜபாளையத்துப் பையன், முப்பது வயது தாண்டியிருக்காது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஃபைலைத் திறந்தார்.

“இங்க பேரு சொன்னாத்தான் மாடு வரும்னு கேள்விப்பட்டேன். நெஜமாம்மா?”

“நீங்களே பாருங்க சார்.”

வெள்ளத்தாய் படலைத் திறந்தாள். “கொம்பி!” என்றாள். ஒரு மாடு வந்தது. “செவலை! கூழைவாலு! புல்லை!” ஒவ்வொன்றாக வந்தன. விக்னேஸ்வரன் மாட்டின் காதில் தொங்கிய மஞ்சள் தோட்டிலிருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்து டிக் அடித்தார். முதல் பத்து மாட்டுக்கு அவர் முகத்தில் சர்க்கார் இருந்தது. அதற்கப்புறம் அது கழன்று, திருவிழா பார்க்கிற முகம் வந்துவிட்டது. எண்பத்தைந்து மாடுகள் வெளியே வந்ததும் வெள்ளத்தாய் நிறுத்தினாள்.

“ஒண்ணு குறையுதே.”

“மயிலைன்னு ஒரு பசு சார்,” என்றார் சோலைச்சாமி. “செத்துப்போச்சு.”

“எப்ப?”

“செவ்வாக்கிழமை.”

“அடடா. என்னத்துல?”

இந்தக் கேள்விக்கு ரஃபீக் பதில் சொல்லித் தரவில்லை. “வயசு,” என்றார் சோலைச்சாமி.

“ஃபைல்ல அஞ்சு வயசுன்னு இருக்கு.”

“வயசுக்கு மீறுன முதிர்ச்சி சார்.”

விக்னேஸ்வரன் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றி, மயிலையின் நம்பருக்கு நேராக எழுதக் குனிந்தார். அவர் வாய் எழுதப்போகும் வார்த்தையை முன்கூட்டியே சொன்னது. “இறப்பு…”

“எழுதாதீக சார்!”

வெள்ளத்தாயின் குரலில் வெளியே நின்ற மாடுகளும் திரும்பிப் பார்த்தன.

“உசுரோட இருக்கத செத்துச்சுன்னு எழுதாதீக. பலிச்சுரும். ஏற்கனவே அது கன்ன வாரிக் குடுத்துட்டு நிக்கி.” அவள் குடிசைப் பக்கம் திரும்பினாள். “மயிலே! வாத்தா!”

மயிலை வந்தது. ஒட்டிக்கொண்டே சாக்ஸ் வந்தது.

சோலைச்சாமியின் குதிகால் இரண்டும் தானாகச் சேர்ந்துகொண்டன.

“எண்பத்தேழு சார்,” என்றார்.

விக்னேஸ்வரனின் முகத்துக்கு சர்க்கார் திரும்பி வந்தது. “இது என்ன மாடுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் சார்.”

“காட்டு விலங்கக் கட்டி வச்சா என்ன ஆகும்னு?”

“கட்டல சார். கயிறு இருந்தாக் காட்டுங்க,” என்றாள் வெள்ளத்தாய். “அவிய கொண்டுபோயி விடத்தான் செஞ்சாக. அவியளுக்கு முன்னால அது வந்துருச்சு. மயிலையக் கூட்டிட்டுப் போனா அது பின்னால போகும். ஆனா மயிலை கல்லத் தாண்டுனா கேஸு போடுவீக. சரி சார், நான் ஒண்ணு கேக்கேன். எங்க மாடு காட்டுக்குள்ள வந்தா எங்க மேல கேஸு. காடு எங்க மாட்டுக்குள்ள வந்து பால் குடிக்கே, இதுக்கு யார் மேல கேஸு?”

இந்தக் கேள்வி விக்னேஸ்வரன் எழுதிப் பாஸான எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. அவர் கன்றின் அருகில் போனார். அது மயிலையின் வயிற்றுக்கடியில் ஒதுங்கி, ஒரு கண்ணால் மட்டும் அவரைப் பார்த்தது. பின்தொடையில் மஞ்சள் பூசியிருந்தது.

“மருந்து யார் போட்டா?”

“நாங்க ஒண்ணும் போடலயே,” என்றாள் வெள்ளத்தாய்.

சோலைச்சாமி தொண்டையைச் செருமினார். “நான்தான் சார். தினமும் மத்தியானம். இவ குளிக்கப்போறப்ப.”

வெள்ளத்தாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் இரண்டு முறைதான் வாங்கியிருக்கிறார்.

விக்னேஸ்வரன் போனை எடுத்துக்கொண்டு வேலியோரம் நடந்தார். மேலதிகாரியிடம் பேசினார். பிறகு யாரோ ஒரு மாட்டு டாக்டரிடம் பேசினார். பிறகு மறுபடியும் மேலதிகாரி. பேசப்பேச வேலியை நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். அந்த நேரம் முழுவதும் சோலைச்சாமி எண்பத்தாறு மாட்டையும் மனசுக்குள் சந்தையில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கொம்பியை யார் பிடிப்பார்கள், புல்லை லாரியில் ஏறுமா என்று யோசித்தார். கூழைவாலு ஏறாது. அதைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

விக்னேஸ்வரன் திரும்பி வந்து வேலியோரம் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

“இப்ப காட்டுல விட்டா செந்நாய் விடாது. வண்டியில ஏத்துனா பாலில்லாம வழியிலயே போயிரும்ங்கறாரு டாக்டர். இன்னும் மூணு மாசம் பால் வேணுமாம். அதுவரைக்கும் தாயவிட்டுப் பிரிக்கக்கூடாது, எடத்தையும் மாத்தக்கூடாது.” அவர் பேனாவை எடுத்தார். “மேற்படி கன்று பால் மறக்கும்வரை மேற்படி பசுவை மேற்படி இடத்திலிருந்து அப்புறப்படுத்தலாகாது. இப்படித்தான் எழுதணும்.”

சோலைச்சாமிக்கு விஷயம் மெதுவாகத்தான் ஏறியது. “அப்ப மயிலை இங்கதான் இருக்கணும்?”

“இருக்கணும்.”

“மத்த எண்பத்தஞ்சும்?”

“தனியா ஒரு மாடும் கன்னும் நின்னா ராத்திரி என்ன ஆகும்? சுத்தி மந்தை வேணும்ல. அதையும் சேத்துக்கிறேன்.” எழுதிக்கொண்டே சொன்னார். “கட்டக்கூடாது. ஃபோட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பக்கூடாது. பேரு வைக்கக்கூடாது, மனுசனுக்குப் பழகிரும். வச்சிரலயே?”

“இல்ல சார்,” என்றார் சோலைச்சாமி.

அன்றிலிருந்து மூன்று மாதம் திங்கட்கிழமைதோறும் விக்னேஸ்வரன் போன் செய்வார். ஒரே கேள்விதான். “பால் குடிக்குதா?” குடிக்கிது சார் என்பார் சோலைச்சாமி. அந்த வாக்கியத்தை அவர் பக்தியோடு சொன்னார். தை பிறந்ததும் கன்று புல் கடிக்க ஆரம்பித்தது. மாசியில் மயிலை அதை உதைக்கத் தொடங்கியது. சோலைச்சாமி மயிலையைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பருத்திக்கொட்டை கொடுத்து, பிள்ளையிடம் கொஞ்சம் பொறுமையாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். பருத்திக்கொட்டையைத் தின்றுவிட்டு அது மறுபடியும் உதைத்தது.

அந்த மாசக் கடைசியில் ஒருநாள் அந்தியில், மந்தை மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது, குத்துக்கல்லுக்கு அந்தப்பக்கம் காட்டுமாடுகள் நின்றன. ஏழெட்டு இருக்கும். எல்லாவற்றின் காலிலும் வெள்ளை சாக்ஸ். கன்று நின்றது. காதை முன்னால் நீட்டி, ஒரு காலைத் தூக்கியபடி பார்த்தது. பிறகு மந்தையிலிருந்து விலகி மேற்கே நடந்தது. மயிலை ஒருமுறை கத்தியது. பின்னால் போகவில்லை.

வெள்ளத்தாய் படலைத் திறந்துவைத்து பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். கொம்பி போனது, செவலை போனது, கடைசியில் மயிலையும் போனது. எண்பத்தாறு முடிந்தது. கன்று கல்லருகே நின்று இந்தப்பக்கம் திரும்பியது. மூன்று மாதமாக எண்பத்தேழாவதாக வருகிற பேருக்குக் காத்திருந்தது.

வெள்ளத்தாய் வாயைத் திறக்கவில்லை.

“ஏட்டி, கூப்பிடேன்,” என்றார் சோலைச்சாமி. “அது போச்சுன்னா பொறவு தொழுவு…”

“கூப்பிட்டா வந்துரும்ங்க,” என்றாள்.

அவருக்கும் அந்தப் பேர் தெரியும். அவர் கூப்பிட்டாலும் வரும். வாயைத் திறந்தார். காட்டுமாடுகளில் பெரிய பசு ஒன்று கல்லுக்கு மிகப் பக்கத்தில் வந்து, கன்றின் முதுகை முகர்ந்துகொண்டிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். கன்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூப்பிடாத இடத்தில் என்ன வேலை என்பதுபோலத் திரும்பிப் போனது.

வெள்ளத்தாய் படலைச் சாத்தினாள். அன்று சோறு பொங்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை போன் அடித்தது. எடுப்பதற்கு முன்னால் சோலைச்சாமிக்கு ஒரு வார்த்தை போதும் என்று தெரிந்தது. குடிக்கிது. அந்த ஒரு வார்த்தையில் தொழு இன்னும் ஒரு மாதம் நிற்கும். கெட்டிக்காரத்தனமாகச் சொன்னால் இரண்டு மாதம்.

“பால் குடிக்குதா?”

“போயிருச்சு சார்.”

“எங்க?”

“அவுக ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாக. வெள்ளிக்கிழமை அந்தியில.”

போனில் பேப்பர் புரட்டுகிற சத்தம் வந்தது.

“நல்லா இருந்துச்சா போறப்ப?”

“ஜம்முனு இருந்துச்சு சார்.”

“சரி. திரும்பி வர மாட்டேன்னு உங்ககிட்ட எழுதிக் குடுத்துச்சா?”

“என்ன சார்?”

“கன்னு. எழுதிக் குடுத்துச்சா?”

“இல்ல சார்.”

“அப்ப நான் எப்படி எழுத முடியும்? கன்று வெளியே சென்றுள்ளது, எந்நேரமும் தாயைத் தேடி வரக்கூடும், ஆகவே பசு அதே இடத்தில் இருப்பது அவசியம். இப்படித்தான் எழுத முடியும்.”

சோலைச்சாமி போனை மறு காதுக்கு மாற்றினார். “எம்புட்டு நாளைக்கு சார்?”

“காட்டுமாட்டுக்கு ஆயுசு இருபது வருசத்துக்கு மேலன்னு புத்தகத்துல போட்டிருக்கு. அதுவரைக்கும் பாப்போம்.”

போனை வைத்துவிட்டு அவர் ஓட்டமும் நடையுமாகப் போய் வெள்ளத்தாயிடம் சொன்னார். வரி மாறாமல், ‘ஆகவே’ உட்பட முழுசாகச் சொன்னார். அவள் மயிலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டாள்.

“இம்புட்டு நல்ல பிள்ளையா இருக்காரே,” என்றாள் கவலையோடு. “சீக்கிரம் வேற ஊருக்கு மாத்திருவாகளே.”